அரைப்பேருக்கு ஆதாரம்

என் மனைவி மெரினா கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்த நாளிலிருந்து எங்கள் கடையின் போட்டோகொப்பி மெஷின் எனக்குச் சொந்தமாக இல்லை. தெஹியோவிட்ட டவுனில், மருந்துக்கடைக்கும் சலூனுக்கும் நடுவில் இருந்தது அந்தக் கடை. நடுவில் நின்று கையை விரித்தால் இரண்டு சுவரிலும் இடிக்கும். குவைத்தில் வேலை செய்கிற மகளோடு போன் பேச வருகிறவர்கள், அடையாள அட்டையைப் பிரதி எடுக்க வருகிறவர்கள், பக்ஸில் கடிதம் அனுப்ப வருகிறவர்கள், இவர்களை நம்பித்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. அவர்கள் வெளியே காத்து நிற்க, உள்ளே மெஷினில் மெரினாவின் புத்தகம் ஓடிக்கொண்டிருக்கும். "தாம இவர நெத்த?" என்று சிங்களத்தில் கேட்பார்கள். இன்னும் முடியவில்லையா என்று அர்த்தம். கேட்டுக் கேட்டு அலுத்து எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். எனக்கும் மெரினாவிடம் கேட்பதற்கு அந்த ஒரு கேள்விதான் இருந்தது.

மெரினா பிறந்தது டவுனுக்கு மேலே உள்ள இறப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளரின் வரிசை வீடுகளில் ஒன்றில். அவளுடைய அப்பா யோசப்பும் அம்மா மரியம்மாவும் பால்வெட்டுக்காரர்கள். இறப்பர் மரத்தில் பால் எடுக்க விடியும் முன்பே கத்தியும் வாளியுமாக மலைக்குப் போகிறவர்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் இல்லை. அவளோடு படித்த பிள்ளைகளில் சிலர் பக்கத்துச் சிங்களப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். பலர் எங்கேயும் போகவில்லை. மெரினா மட்டும் அவிசாவளைக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்தாள். ஆசிரியர் கலாசாலை, வெளிவாரிப் பட்டம், அதற்கு மேல் முதுமாணி என்று ஒவ்வொன்றாக முடித்து, தான் படித்த அதே தோட்டப் பள்ளிக்கூடத்துக்கே டீச்சராக வந்தாள். வந்து பார்த்தால் அதே கதை. பிள்ளைகள் பத்து வயதுக்கு மேல் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டு ஒரு புத்தகம் எழுதப் போகிறேன் என்றாள். 2002ஆம் ஆண்டு கடைசியில் பல்கலைக்கழகத்தில் பதிந்தாள். சப்ரகமுவ இறப்பர் தோட்டப் பிள்ளைகள் ஏன் இடையில் பள்ளிக்கூடத்தை விடுகிறார்கள் என்பதுதான் அவளுடைய தலைப்பு.

அவளுக்கு வழிகாட்டக் கிடைத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், பேராசிரியர். தோட்டக் கல்வியைப் பற்றித் தமிழில் எழுதிய பெரிய புத்தகம் அவருடையதுதான். முதல் சந்திப்பில் அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்.

"முதல்ல இலக்கிய மீளாய்வைச் செய்துகொண்டு வாங்கோ பிள்ளை, பிறகு கதைப்பம்."

இந்த 'இலக்கிய மீளாய்வு' என்ற சொல்லை உண்டாக்கியவர் மட்டும் என் கையில் கிடைத்தால் அவரைச் சும்மா விடமாட்டேன். ஒரு விஷயத்தைப் பற்றி இதுவரை யார் யார் என்னென்ன ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் படித்து, எது சரி, எது குறை என்று எழுதுவதற்குத்தான் அந்தப் பெயராம். இது அவளுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா? மெரினா டீச்சர் இலக்கியத்தில் டாக்டர் பட்டம் படிக்கிறார் என்று செய்தி பரவிவிட்டது. பள்ளிக்கூட அதிபர் அடுத்த வாரமே தமிழ்த் தினப் போட்டியை முழுசாக அவள் தலையில் கட்டினார். பேச்சு, பாவோதல், வில்லுப்பாட்டு எல்லாம் அவள் பொறுப்பு. "இது வேற இலக்கியம் சேர்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். "எந்த இலக்கியமா இருந்தா என்ன டீச்சர், நீங்கதான் படிக்கிறீங்களே" என்று அவர் சொல்லிவிட்டார். கோயில் சபையிலிருந்து ஒருவர் தான் எழுதிய பாஸ்கா நாடகப் பாட்டுக் கட்டோடு வந்து, மீளாய்வு செய்து தரும்படி கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

அவளுடைய அப்பாவுக்கு வேறு எரிச்சல். "எழுதுனத திரும்பப் படிக்கிறதுக்கு ஒரு படிப்பா? புதுசா எழுதத்தான போன?" என்று கேட்டார்.

"மொதல்ல மத்தவங்க எழுதுனத படிக்கணும்ப்பா."

"மத்தவன் எழுதுனது சரியா இருந்தா நீ ஏன் எழுதணும்?"

மெரினா என்னைப் பார்த்தாள். நான் மெஷினைப் பார்த்தேன். அவர் கேட்டதில் எனக்கும் நியாயம் இருப்பதாகவே பட்டது.

படிக்கத் தொடங்கிய பிறகுதான் உண்மையான தொல்லை. கொழும்புக்கும் கண்டிக்கும் லீவு போட்டுவிட்டு நூலகம் நூலகமாக அலைந்தாள். "இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட" என்று கண்டக்டர் தள்ளித் தள்ளி முன்னுக்கு அனுப்ப, நின்றபடியே போய் நின்றபடியே வருவாள். கொண்டு வருகிற புத்தகம் எல்லாம் ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலை. எல்லாம் தேயிலை, எல்லாம் கொழுந்து. எங்கள் மாகாணத்து றக்வானையைப் பற்றி எங்காவது ஒரு வரி வரும். இறப்பர் தோட்டத்தைத் தேடினால் அடிக்குறிப்பில் 'ஏனைய மாவட்டங்கள்' என்று இருக்கும்.

"நாங்க ஏனையவாம்" என்று புத்தகத்தை மேசையில் போட்டாள்.

"அப்ப விடு, எழுதுறதுக்கு ஒண்ணும் இல்லன்னு ஒரு பக்கத்துல எழுதிக் குடு. வேல முடிஞ்சது."

"இல்லன்னு சொல்றதுக்கும் எல்லாத்தையும் படிச்சாத்தான் சொல்ல முடியும். அதுவும் தெரியாதா உங்களுக்கு?"

எனக்குத் தெரியவில்லைதான். இல்லாத ஒன்று இல்லை என்று சொல்வதற்கு ஒரு வருஷம் ஆகும் என்று யாருக்குத் தெரியும்? நடுவில் மே மாத வெள்ளம் வேறு. களனி கங்கை கரை மீறி வந்து ரோடெல்லாம் மூடிக் கிடந்தது. கொடுத்த தவணை போய்விட்டது. பல்கலைக்கழகம் நவம்பர் முடிவு வரை தவணையை நீட்டியது. அதற்குள் இந்த மீளாய்வு அத்தியாயத்தைப் பேராசிரியர் ஏற்றுக் கையெழுத்து வைக்காவிட்டால் பதிவு ரத்து. மறுபடி பதிய அவளுக்கு வயதும் லீவும் இடம் கொடுக்காது.

ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு நாள், கடையில் மூன்று பேர் காத்திருக்க, மெஷினுக்குப் பக்கத்தில் நின்று பேராசிரியருடைய புத்தகத்தைப் பிரதி எடுத்தபடியே வாசித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "அட பாவிகளா!" என்று சத்தம் போட்டாள். போன் பேசிக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி ரிசீவரைக் கீழே வைத்துவிட்டாள்.

"இங்க வாசிங்க" என்று என் முகத்துக்கு நேரே பக்கத்தை நீட்டினாள்.

வாசித்தேன். இறப்பர் தோட்டத்துக்கென்று அவளுக்குக் கிடைத்த முதல் பக்கம் அது. தெஹியோவிட்டப் பக்கத்து இறப்பர் தோட்டத்துத் தொழிலாளி ஒருவர் ஆய்வாளரிடம் இப்படிச் சொன்னாராம்: 'நேற்று எங்களில் பாதிப்பேர்தான் வேலை செய்தோம். போன வாரம் முழுக்கவே பாதிப்பேர்தான்.' அதை வைத்து அதற்குக் கீழே ஒரு பெரிய பந்தி. இறப்பர் தோட்டங்களில் தொழிலாளரில் ஏறக்குறைய பாதி எண்ணிக்கையினர் வேலைக்கு ஒழுங்காக வருவதில்லை. பெற்றோரின் இந்தப் பழக்கமே பிள்ளைகள் பாடசாலைக்கு ஒழுங்காக வராமைக்கும் காரணம்.

எனக்கும் புரிந்துவிட்டது. தோட்டத்தில் பிறந்த யாருக்கும் புரியும். தோட்டத்தில் ஒரு நாள் வேலையை 'ஒரு பேர்' என்று சொல்வோம். வேலைக்கு வந்தவரின் பெயரைச் செக்ரோல் என்கிற வரவுப் பதிவேட்டில் பதிவதால் வந்த வழக்கு. முழு நாள் வேலைக்கு முழுப்பேர் போடுவார்கள். மழை பெய்து மரத்தில் கட்டிய சிரட்டையில் பால் கழுவிப் போனாலோ, கொண்டுவந்த பால் குறைந்தாலோ அரைப்பேர் போட்டு அனுப்புவார்கள். ஆள் வந்திருப்பார், மலையில் நின்றிருப்பார், நனைந்திருப்பார். கணக்கில் அரை நாள்தான். 'நேத்து அரப்பேருதாங்க, போன கெழம பூரா அரப்பேருதான்' என்று அந்த மனிதர் தன் கஷ்டத்தைச் சொல்லியிருக்கிறார். கேட்டவர்களுக்கு அது பாதி ஆட்கள் என்று விழுந்திருக்கிறது.

மெரினா அதோடு விடவில்லை. பேராசிரியர் யாரிடமிருந்து எடுத்தார் என்று தேடினாள். அவர் இன்னொரு கட்டுரையிலிருந்து எடுத்திருந்தார். அந்தக் கட்டுரை ஒரு அறிக்கையிலிருந்து. அந்த அறிக்கை, எழுபதுகளில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்த வெளிநாட்டுக்காரரின் ஆங்கில அறிக்கையிலிருந்து. அங்கே ஆங்கிலத்தில் 'எங்களில் பாதிப்பேர்' என்று இருந்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் அதையே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சுற்றிச் சுற்றி எழுதியிருந்தார்கள். ஒருவராவது பஸ் ஏறி வந்து கேட்கவில்லை.

அந்த ஆங்கில அறிக்கையைக் கண்டுபிடித்த அன்றைக்குப் பின்னேரம் லயத்துக்குப் போய் அப்பாவிடம், அதாவது என் மாமாவிடம், சொன்னாள். மாமா பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"பாதிப்பேரு வேலைக்கு வரலன்னா தோட்டத்து தொர சும்மா விட்டிருப்பானா? காய்ச்சலோட போயிருக்கேன் நான். ஒங்கம்மா ஒன்ன வயித்துல வச்சிக்கிட்டுப் போயிருக்கா. எவன் எழுதுனான் இத?"

"எங்க பேராசிரியரும் எழுதியிருக்காரு அப்பா."

"அப்ப அந்தாள்ட்ட போயி கேளு."

கேட்டாள். அவளோடு நானும் போனேன். நியாயமாகச் சொல்ல வேண்டும், பேராசிரியர் கோபப்படவில்லை. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க சொல்லுறது சரியா இருக்கலாம் பிள்ளை. ஆனா இது எங்க எழுதியிருக்கு?"

"எங்கயும் எழுதல சேர். தோட்டத்துல எல்லாரும் சொல்றதுதான்."

"அதுதான் பிரச்சினை. சனம் சொல்லுறது தரவு. அது நாலாம் அத்தியாயத்துக்கு வரும். எழுதியிருக்கிறதுதான் இலக்கியம். இது இரண்டாம் அத்தியாயம். அச்சில இருக்கிற ஒண்டை மறுக்கிறதெண்டா அச்சில இருக்கிற இன்னொண்டு வேணும்."

"சேர், எங்கப்பா பால்வெட்டுக்காரரு. எனக்கே தெரியும்."

"உங்களுக்குத் தெரியுறது ஆதாரம் ஆகாது. விளங்குதோ? ஆதாரம் கிடைக்காட்டி அந்த இடத்தை விட்டுப்போட்டு எழுதுங்கோ. எல்லாரும் சொல்லுறபடி ஒரு வரி போட்டுட்டு மேல போங்கோ. நவம்பர் வந்திடும்."

எல்லாரும் சொல்கிறபடி ஒரு வரி போடுவது என்றால் தன் அப்பா வேலைக்குப் போகாதவர் என்று தன் கையால் எழுதுவது. வரும் வழியில் அவிசாவளை வரைக்கும் அவள் வாய் திறக்கவில்லை. மெரினா பேசாமல் வந்தால் வீட்டில் பாத்திரங்கள் பேசும் என்று எனக்குத் தெரியும். பேசின.

அகராதி அகராதியாகத் தேடினாள். 'பேர்' என்றால் பெயர், ஆள், புகழ். ஒரு நாள் வேலை என்று ஒன்றிலும் இல்லை. பிறகு, தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தொகுத்த ஒரு புத்தகத்தில் அந்தச் சொல் அப்படியே கிடைத்தது. கொழுந்து குறைந்ததற்கு அரைப்பேர் போட்ட கதையைச் சொல்லிக் கங்காணியைத் திட்டுகிற பாட்டு. துள்ளிக் குதித்தாள். அன்றைக்கு எனக்கு நல்ல சோறு கிடைத்தது.

பேராசிரியர் பாட்டை இரண்டு தடவை வாசித்தார்.

"நல்ல பாட்டு. ஆனா இது தேயிலைத் தோட்டம். உங்கட இறப்பர்."

"சொல்லு ஒண்ணுதானே சேர்."

"சொல்லு ஒண்டுதான். விளக்கம் இல்லையே. பாட்டில அரைப்பேர் எண்டு இருக்கு, அரைப்பேர் எண்டா என்னெண்டு இல்லை. பாட்டை ஆதாரமா வச்சு ஒரு ஆய்வை மறுக்க ஏலாது. அது இலக்கியம் பிள்ளை. இது இலக்கிய மீளாய்வு."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். நின்றிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன், அவளுடைய பதிவு அன்றைக்கே போயிருக்கும். பாட்டு இலக்கியம் என்பதால் இலக்கிய மீளாய்வுக்கு உதவாதாம். பைத்தியக்காரர்களோடு சேர்ந்து நானும் பைத்தியமாகிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தபடி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

மெரினா வெளியே வந்தபோது முகம் வேறாக இருந்தது. "அச்சுல இருக்கணும், அவ்வளவுதானே? நானே எழுதி அச்சுல போடுறேன்" என்றாள்.

கொழும்பில் ஆசிரியர்களுக்கென்று ஒரு காலாண்டுச் சஞ்சிகை வந்துகொண்டிருந்தது. சின்னதுதான், ஆனால் பேராசிரியர்களும் எழுதுவார்கள். அதற்கு 'அரைப்பேர்: ஒரு சொல் விளக்கம்' என்று ஒரு கட்டுரை எழுதினாள். பேர் என்றால் என்ன, முழுப்பேர் எப்போது, அரைப்பேர் எப்போது, அதைப் பிழையாக விளங்கியதால் என்ன வந்தது என்று தெளிவாக, கோபமே இல்லாமல் எழுதியிருந்தாள். அவளுக்கு அப்படி எழுதவும் வரும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. என் கடையிலிருந்து நானே பக்ஸ் பண்ணினேன். ஏற்றுக்கொண்டோம், நவம்பர் இதழில் வரும் என்று பதில் வந்தது. பேராசிரியரும், வந்தால் போதும், அதையே ஆதாரமாகக் காட்டலாம் என்று சொல்லிவிட்டார். சொந்தக் கட்டுரையைச் சொந்த ஆய்வில் காட்டலாமாம், சொந்த அப்பாவைக் காட்டக்கூடாதாம். போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

இதழ் நவம்பர் கடைசி வாரம் தபாலில் வந்தது. மெரினா பள்ளிக்கூடத்தில். நான்தான் பிரித்தேன். தலைப்பைப் பார்த்ததும் என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். 'பாதிப்பேர்: ஒரு சொல் விளக்கம்' என்று இருந்தது. உள்ளே போனால் இன்னும் மோசம். அரைப்பேர் என்று அவள் எழுதிய ஒவ்வொரு இடத்திலும் பாதிப்பேர் என்று அச்சாகியிருந்தது. கட்டுரையின் உயிரான வாக்கியம் இப்படி வந்திருந்தது: 'பாதிப்பேர் என்பதைப் பாதிப்பேர் என்று பொருள்கொள்வது தவறு.'

மெரினா வந்து வாசித்தாள். திட்டவில்லை. கதிரையில் உட்கார்ந்து, "இனி இதையும் ஒருத்தன் எடுத்துப் போடுவான். மெரினாவே சொல்றா பாதிப்பேருன்னு" என்றாள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. சண்டை போடுகிற மெரினாவோடு வாழ்ந்து பழகியவன் நான். தவணை முடிய நாலைந்து நாள்தான் இருந்தது.

அடுத்த நாள் கடையைப் பூட்டிவிட்டு அவளுடைய கையெழுத்துப் பிரதியையும் எடுத்துக்கொண்டு கொழும்பு பஸ் ஏறினேன். மருதானைப் பக்கம் ஒரு சந்துக்குள், அச்சுக்கூடத்தோடு சேர்ந்த ஒரு அறைதான் அந்தச் சஞ்சிகையின் அலுவலகம். பிழை திருத்துகிறவர் பெயர் சாலி. ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர், தொப்பி போட்டிருந்தார், முன்னால் பிளேன்டீ இருந்தது. நான் யார் என்று சொன்னேன். இதழை மேசையில் அடித்து வைத்தேன்.

"இத மாத்துனது யாரு?"

"நான்தான். ஏன் தம்பி? பிழையா இருந்திச்சி, திருத்தினேன்."

"அந்தக் கட்டுரையே அந்தச் சொல்லப் பத்தித்தான் சேர்! வாசிச்சீங்களா?"

"பிழை திருத்துறவன் வாசிச்சிக்கிட்டு இருந்தா இதழ் வராது தம்பி" என்றார் சாதாரணமாக. பிறகு என்னை உட்காரச் சொல்லி எனக்கே பாடம் எடுக்கத் தொடங்கினார். "அரைப்பேர்னு தமிழ்ல வராது. அரை றாத்தல், அரை மணி, அரை மைல். அளவுக்குத்தான் அரை. ஆளுக்குப் பாதி. பாதிப்பேர். இது சின்ன வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்."

"அதத்தான் சேர் அவ எழுதியிருக்கா!" எனக்குச் சத்தம் கூடிவிட்டது. அச்சுக்கூடத்துப் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். "அது ஆளு இல்ல. அளவு. தோட்டத்துல பேருன்னா அளவு. ஒரு நாளைக்கு ஒரு பேரு. எங்க பேர வச்சுத்தான் எங்க வேலைய அளந்தாங்க. அரை நாள் வேல செஞ்சா அரைப்பேரு. ஒங்க இலக்கணப்படியே அதுதான் சரி!"

சாலி சேர் பிளேன்டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டார். கையெழுத்துப் பிரதியை வாங்கி, முதல் எழுத்திலிருந்து கடைசி வரை, இந்த முறை வாசித்தார். வாசித்து முடித்ததும் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"அல்லாஹ்வே. நான் அந்தக் காலத்து மொழிபெயர்ப்பாளர் செஞ்ச அதே வேலையச் செஞ்சிருக்கேன்."

"அடுத்த இதழ்ல திருத்தம் போட்டா எங்களுக்கு உதவாது சேர். இந்த மாசத்தோட அவ பதிவு போயிரும்."

அவர் உடனே எழுந்தார். விற்காத பிரதிகள் எல்லாவற்றிலும் ஒட்டுவதற்கு ஒரு திருத்தத் துண்டு அடித்துத் தருகிறேன் என்றார். அதை எழுதுவதற்குள் எங்கள் இருவருக்கும் மறுபடி சண்டை. பாதிப்பேர் என்று வந்த எல்லா இடத்திலும் அரைப்பேர் என்று வாசிக்கவும் என்று போட்டால், தவறு என்று சொல்கிற இடமும் மாறிவிடும். பிறகு, அரைப்பேர் என்பதை அரைப்பேர் என்று பொருள்கொள்வது தவறு என்று ஆகிவிடும். எந்த இடத்தில் மாற்றுவது, எந்த இடத்தில் விடுவது என்று வரி வரியாகக் குறித்தோம். கடைசியில் இப்படி வந்தது: 'தோட்டத் தொழிலாளரிடையே பேர் என்பது ஒரு நாள் வேலையைக் குறிக்கும் அளவு. அரைப்பேர் என்பது அரை நாள் வேலை. அது ஆட்களின் எண்ணிக்கை அன்று. இச்சொல்லைப் பாதிப்பேர் எனத் திருத்தியது எமது பிழை.' கடைசி வாக்கியத்தை அவரேதான் சேர்த்தார். மை காயாத துண்டுகளை ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பேராசிரியரின் அறைக்குத் தவணை முடிய ஒரு நாள் இருக்கும்போது போனோம். இதழையும் துண்டையும் மெரினா அவர் முன்னால் வைத்தாள். அவர் இதழை வாசித்தார். துண்டை வாசித்தார். கையெழுத்துப் பிரதி இருக்கிறதா என்று கேட்டார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"விளக்கம் சொல்லுற கட்டுரையிலயே மாத்திப்போட்டினம்" என்றார். "அப்ப வாய்ச்சொல்லாக் கேட்ட ஆள் மாத்தியிருப்பார்தானே. நானும் கேளாமல் எழுதிப்போட்டன்."

மெரினா தன் அத்தியாயத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். நானாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

அவர் அவளுடைய அத்தியாயத்தை எடுத்து அந்தப் பந்திக்கு வந்தார். தன்னுடைய புத்தகத்தின் பெயரைச் சொல்லி அது பிழை என்று அவள் எழுதியிருந்த இடத்தை வாசித்தார். பேனாவை எடுத்தார்.

"துண்டுக்குப் பக்க எண் இல்லையே" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அவரே, "பரவாயில்லை. பக்க எண் இல்லை எண்டு அடைப்புக்குள்ள போடுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தார். பிறகு ஒரு துண்டைத் தனக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தன் புத்தகத்தின் சொந்தப் பிரதியை எடுத்து அந்தப் பக்கத்துக்குள் வைத்து மூடினார். அந்த ஒரு பிரதிக்குள் மட்டும்தான் அது போனது. மற்றவை நாடெங்கும் நூலகங்களில் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். மெரினா சந்தோஷமாக இருந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மேசையில் புத்தகம் இல்லாமல் சாப்பாடு இருந்தது. துண்டை எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள். அவர் எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்தார்.

"எல்லாப் புத்தகத்துலயும் ஒட்டியாச்சா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. பழைய புத்தகமெல்லாம் அப்படியேதான் இருக்கும். நான் எழுதுறதுல மட்டும்தான் சரியா வரும்."

"அப்ப அதப் படிக்கிறவன் இன்னமும் எங்கள வேலைக்கு வராதவங்கன்னுதான் நெனப்பான்."

"ஆமாப்பா."

மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "மழையில போயி, மரத்தடியில நின்னு, நனைஞ்சு, அரப்பேர வாங்கிட்டு வந்தோம். அந்த அரையையும் எவனோ புடுங்கிட்டுப் போயிட்டான். கேக்க ஆளில்ல" என்றார். துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சோற்றைப் பிசைந்தவர் நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார்.

"ஒங்கம்மாவும் நானும் வேல செஞ்சோம் புள்ள. நீ எழுதுறதுலயாவது எங்களுக்கு முழுப்பேரு போடு."

மெரினா அத்தனை மாதமும் கோபப்பட்டாளே தவிர அழுததில்லை. அன்றைக்கு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் சோற்றோடு அழுதாள்.